மூன்றாம் வருஷத்துக் காயம்

கெலுகோர் ரப்பர் தோட்டத்தில் காலை வெயில் பால்மரங்களுக்கிடையே சாய்ந்து விழுகிறது. விவசாயக் கல்லூரி மாணவர்கள் பன்னிரண்டு பேர் வெள்ளைச் சட்டை கசங்காமல் நிற்கிறார்கள். மூன்றாம் வருஷத்தில் முதல்முறையாக ஒருவன் உளியை மரத்தில் வைத்து இழுக்கிறான். பட்டையைத் தாண்டிக் கட்டை தெரிகிறது. வெட்டு தன் முதுகில் விழுந்ததுபோல் துடிக்கிறாள், இருபது வருஷமாக இந்த மரங்களில் பால் வெட்டும் செங்கமலம். "அடப்பாவி, காயம் போட்டுட்டானே!" வாத்தியார் இன்னாசி புத்தகத்திலிருந்து தலையை எடுப்பதாக இல்லை. "சாய்வு எத்தனை டிகிரி, எழுதிக்கோங்க." பென்சில்கள் கரகரக்கின்றன. பால் கண்டபடி வழிந்து மண்ணில் சொட்டுகிறது. அதைப் பிடிக்கவேண்டிய மங்கு காலியாகக் கிடக்கிறது. செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நாங்க இப்படி வெட்டுனா கங்காணி சும்மா விடுவாரா? நாளைக்கு இவங்கதானே எங்களுக்கு அதிகாரியா வந்து நிக்கப் போறாங்க?" "இந்தாம்மா, தள்ளி நில்லு. வகுப்பு நடக்குதுலா" என்கிறார் வாத்தியார். அவள் தள்ளி நிற்கவில்லை. மாணவன் கையிலிருந்த உளியைப் பிடுங்கி வாத்தியாரிடம் நீட்டுகிறாள். "நீங்க ஒரு கோடு போட்டுக் காட்டுங்க சார்." பென்சில்கள் நிற்கின்றன. பன்னிரண்டு தலைகளும் நிமிர்கின்றன. இன்னாசி புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு உளியை வாங்கிப் பிடிக்கிறார், பேனாவைப் பிடிப்பதுபோல.