மூன்றாவது கொடி

"அப்ப ஆறு தப்பா ஓடுதுன்னு சொல்றியா?"

புவியியல் ஆசிரியர் தாளை மேசைமேல் போட்டார். எதிரே நின்ற பத்தாம் வகுப்பு மாணவி தலையாட்டுவதா வேண்டாமா என்று புரியாமல் விழித்தாள். எதற்கெடுத்தாலும் 'ஏன் சார்?' என்று கேட்பதால் வகுப்பில் அவளுக்கு 'ஏன்சார்' என்றே பெயர். அன்று கேள்வி கேட்கும் முறை அவருடையதாகிவிட்டது.

மூன்று நாள் களப்பயிற்சி முகாமின் கடைசிக் காலை. ஆற்றங்கரை விடுதியில் தங்கி, கரையோரம் சிவப்புக் கொடி நட்ட மூன்று இடங்களில் இருபது இருபது கற்களை அளந்து சராசரி எழுத வேண்டும். ஆற்றோடு உருண்டு வரும் கல் போகப் போகத் தேயும். ஆகவே முதல் கொடியில் பெரிய கல், மூன்றாவது கொடியில் சின்னக் கல். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. மற்ற நான்கு குழுக்களின் தாளிலும் அப்படியே இருந்தது. மூன்றாவது கொடியில் சுமார் நான்கு சென்டிமீட்டர்.

ஏன்சார் எழுதியிருந்தது இருபத்தொன்று.

அட்டவணையைத் தலைகீழாக எழுதிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றாள். ஸ்கேலைத் திருப்பிப் பிடித்தாயா என்றார். அதுவும் இல்லை. சாட்சி சொல்ல ஆளும் இல்லை. அவளுடைய கூட்டாளி பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாமல் முதல் நாளே படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆசிரியரும் முழங்கால் வலியால் முதல் கொடியைத் தாண்டிப் போகவில்லை. மூன்றாவது கொடியில் வழக்கமாக நிற்கும் விடுதி வாட்ச்மேன் நேற்று லீவு. அவருக்குப் பதில் காவலுக்கு உட்கார வைத்த பஸ் டிரைவரைக் கேட்டால், "எல்லாப் பசங்களும் வந்தாங்க சார், பிஸ்கட் சாப்பிட்டாங்க, போனாங்க" என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ரூம்ல உக்காந்து கைக்கு வந்ததை எழுதிட்டே. ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா முப்பதுக்குப் பாதியாவது போடுவேன். இல்லைன்னா பூஜ்யம்தான்."

"நான் அளந்தேன் சார்."

"ஒன்பது வருஷமா இங்க வரேன்மா. இந்த ஆறு ஒருதடவைகூட என்னை ஏமாத்தினதில்லை."

"அப்ப என்கூட வந்து பாருங்க சார்."

ஆசிரியருக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. பஸ் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. மற்றவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, இருவரும் கரையோரமாக நடந்தார்கள். முழங்காலுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே ஆசிரியர் பின்னால் வந்தார்.

மூன்றாவது கொடி அதே இடத்தில்தான் இருந்தது. ஏன்சார் கீழே பார்த்தாள்.

கொடியைச் சுற்றி, வழுவழுவென்று, கைக்குள் அடங்குகிற சின்னச் சின்னக் கற்கள்.

ஆசிரியர் ஸ்கேலை நீட்டினார். இருபது கற்களை அளந்தாள். சராசரி நான்கு புள்ளி ஒன்று. இன்னொரு இருபதை அளந்தாள். மூன்று புள்ளி ஒன்பது. நேற்று ஒவ்வொரு கல்லையும் இரண்டு கையாலும் புரட்டி அளந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு கல் காலில் உருண்டு கட்டைவிரல் நகம்கூடக் கறுத்திருந்தது. செருப்பைக் கழற்றி அந்த நகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அதுவும் பொய்யோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நேத்து வேற எங்கயோ போயிட்டேனா சார்?"

"கொடி இங்கதானேம்மா இருக்கு?"

ஒரு ராத்திரியில் ஒரு ஆறு மாறுமா? மாறாது. அப்படியானால் மாறிப்போனது தன் புத்திதான். பாதி மதிப்பெண்ணாவது மிஞ்சட்டும் என்று தோன்றியது. முழங்காலில் தாளை வைத்து, 'நான் அளக்கவில்லை. கற்பனையாக எழுதினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆசிரியர் அதை மடித்து, மற்ற நான்கு குழுக்களின் தாள்கள் இருந்த கோப்பில் வைத்தார்.

அப்போது தள்ளுவண்டியைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு விடுதி வாட்ச்மேன் வந்து சேர்ந்தார்.

"அளந்து முடிச்சாச்சா சார்? அப்ப எடுத்துக்கலாமா?"

"எதை?"

"கல்லைத்தான் சார்." அவர் குனிந்து சின்னக் கற்களை அள்ளி வண்டியில் போட ஆரம்பித்தார். "ராத்திரி விட்டா தண்ணி அடிச்சுட்டுப் போயிடும்."

ஆசிரியருக்கு எதுவும் பிடிபடவில்லை. இது யாருடைய கல் என்று கேட்டார்.

"விடுதிக் கல்லு சார். மூணு வருஷம் முன்னாடி வெள்ளத்துல கரைச்சுவர் இடிஞ்சு, இங்க பூராவும் பெரிய பெரிய கல்லா வந்து கெடக்கு. வர்ற ஸ்கூலெல்லாம் புக்குல இருக்கற மாதிரி வரலைன்னு கோவிச்சுக்கிட்டாங்க. அதான் மேனேஜர் இந்த வண்டியை வாங்கிக் குடுத்தாரு. தினமும் காலைல பெரிசைப் புதருக்குப் பின்னாடி தள்ளிட்டு சின்னதைக் கொட்டுவேன். சாயங்காலம் பழையபடி மாத்திடுவேன்."

ஏன்சார் நிமிர்ந்தாள். "நேத்து?"

"நேத்துதான் நான் லீவாச்சே பாப்பா. இங்க ஒரு சின்னக் கல்லுகூடக் கெடையாது."

ஆசிரியர் கோப்பைத் திறந்தார். அவள் கையெழுத்துப் போட்ட தாளுக்கு அடியில், நேற்று மூன்றாவது கொடியில் அந்தச் சின்னக் கற்களை இருபது இருபதாக அளந்து எழுதிய நான்கு தாள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.