மூத்தவனின் மாளிகை

"இதுதான் எங்கட மூத்தவன் தர்மேந்திரன் இருக்கிற இடம்!"

அருமைநாதன் ரிமோட்டை அழுத்த, சிட்னி ஹோம்புஷ் பிளாட்டின் டிவியில் பிரெஞ்சு மாளிகை ஒன்று கம்பீரமாக நின்றது. மகன் சஞ்சீவுக்குப் பெண் பார்க்க மெல்பனிலிருந்து வந்திருந்த சிவனேஸ்வரி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

அருமைநாதனின் மகள் சங்கரிக்கு முப்பத்துமூன்று வயது. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் "மூத்தவர் எங்கே?" என்ற கேள்வியில்தான் முறிந்தன. இந்தத் தடவை அருமைநாதன் பாடத்தை நெட்டுருப் போட்டு வைத்திருந்தார்.

"இருநூற்றைம்பது வருசத்துக்கு முன்னம் ஒரு பிரபு கட்டினது. வளவுக்குள்ள மூண்டு ஊற்று, இரும்புச்சத்துத் தண்ணி. வாதம் தீர அதில குளிக்கவெண்டு ராசகுடும்பமே வந்து போயிருக்கு. இண்டைக்கும் அதே குடும்பத்தின்ர கையிலதான். ஏழு தலைமுறை!"

"இப்ப அந்தக் குடும்பம் அங்க என்ன செய்யுது?"

"அது... நிர்வாகம். பெரிய நிர்வாகம்."

தேநீர் கொண்டுவந்த சங்கரி அப்பாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"மகன் கலியாணத்துக்கு வருவாரோ?"

"அவனுக்கு அங்க இருந்து அசைய ஏலாது. நாங்கள்தான் போய்ப் பாக்கிறது. ஞாயிறில மட்டும், ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வருசா வருசம் போறனாங்கள்."

சிவனேஸ்வரி கோப்பையைத் தொடாமலே எழுந்தார்.

"மிச்சச் சரித்திரத்தை நான் சொல்லுறன். ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு குளிக்க ஆக்கள் வாறேல்லை. அந்தக் குடும்பம் மாளிகையை மனநோய்க்காரரைப் பராமரிக்கிற விடுதியாக்கிப் போட்டுது."

அருமைநாதனுக்குப் பொய் சொன்ன வெட்கத்தைவிட, மூன்றாவது சம்பந்தமும் போகிறதே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

"அவனுக்கு நோய்வருத்தம் எண்டதுக்காக என்ர பிள்ளையை வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ!"

"வருத்தத்துக்காக வேண்டாமெண்டு சொல்லேல்லை. என்ர தம்பியும் ஒன்பது வருசம் அங்கதான் இருந்தவன். அப்ப நான் பாரிசில இருந்தனான், ஒரு ஞாயிறும் விடாமல் போனனான்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று சொன்னார்:

"ஒவ்வொரு ஞாயிறும் உங்கட மகன் என்னட்டைத்தான் கேட்டவன், 'என்ர அப்பா எப்ப வருவார்' எண்டு."