இடைவேளையில் ஒரு கவுன்

பாரிஸ் ஆப்பரா அரங்கில் இடைவேளை. படியிறங்கிய சீமாட்டியின் முத்துவேலைக் கவுனிலிருந்து லூசியேன் கண்ணை எடுக்கவே இல்லை.

“மானத்தை வாங்காதே! இப்படியா வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்ப்பே?” என்று கணவன் ஃபெர்னான் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

சீமாட்டி நின்றாள். “ஏம்மா, இந்த மாதிரி கவுனைப் பார்த்ததே இல்லையா?”

“இல்லீங்க மேடம்,” என்று லூசியேன் நிமிர்ந்து சொன்னாள். “இத்தனைக்கும் குளிர்காலம் பூரா இதிலே முத்து தைச்சதே நான்தான். மரச்சட்டத்திலே துணியைக் கவிழ்த்துப் போட்டுத் தைப்போம். முத்தெல்லாம் அடிப்பக்கம் போயிடும், எங்க கண்ணுக்கு வெறும் நூல்தான். நேர்ப்பக்கத்தை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.”

சீமாட்டி கைகளை விரித்து, அந்தப் படியிலேயே மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள்.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் நெருங்கியது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க!” என்று அதட்டினான் ஃபெர்னான். “என் பொண்டாட்டி பார்க்கட்டும்!”