கூடின வாடகை

வாடகைக்குப் பேசிய வீட்டின் முற்றத்தில் இருந்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகெயார் தொடங்கச் செலவுக்கணக்கைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்த தனுஷா, வாடகைக்கு வந்ததும் பேனையை நிறுத்தினாள்.

"என்னக்கா இது? வாவிக்கரையில இதவிடப் பெரிய வீடு பதினஞ்சாயிரத்துக்கு இரிக்கு. இந்த வீட்டுக்கு இருபத்தஞ்சா?"

"இந்த வீடுதான் வேணும். எழுது," என்றாள் யசோதினி.

தொழிலில் இருவரும் பாதிக்குப் பாதி. தனுஷா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

"சத்தம் அடக்கிற றபர் பாய், அம்பதாயிரம்."

"அதை வெட்டு. அந்தக் காசுக்கு மேளமும் விசிலும் வாங்குவம்."

"விளையாடுற இடம் முன்வளவிலதானே?"

"இல்ல. பக்கத்து வீட்டு மதிலோரம்."

அக்காவுக்குத் தலை பிசகிவிட்டதென்றே தனுஷா முடிவு கட்டினாள்.

அந்த நேரம் பார்த்து, மதிலுக்கு மேலால் ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு வினாயகமூர்த்தி.

"நீ யசோதினியெல்லா? முந்தி என்ர வீட்டு அறையில வாடகைக்கு இருந்த புள்ள?"

"ஓம் ஐயா."

"அண்டைக்கு உன்ர கைக்குழந்தை அழுது என்ர நித்திரையக் கெடுத்ததாலதான், கொட்டுற மழைக்குள்ள உன்னை வீட்டை விட்டு எழுப்பி விட்டனான். மனசில வச்சிராத மகள்."

"வச்சிருப்பனா ஐயா?"

"இந்த வீடு என்ர மகளுக்குச் சீதனமாக் குடுத்தது. கனடாவில இருந்துகொண்டு, எனக்கொரு சொல்லுச் சொல்லாம ரெண்டு வருசத்துக்கு உனக்கு எழுதித் தந்திட்டாளாம். அவள்ட வீடு, நான் என்னத்தக் கதைக்கிற? சரி, எத்தனை பேர் வாறீங்க?"

யசோதினி கொப்பியை வாங்கி மூடினாள்.

"முப்பது பேர் ஐயா. மூத்தவருக்கு மூண்டு வயசு."