ராத்து

இன்னும் இரண்டு கரண்டி உள்ளே போயிருக்கலாம். இன்றைக்கு இதோடு சரி, அப்புறம் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காலையில் மார்பைத் திறக்கப் போகிறவருக்கு அரைக் கிண்ணம் கஞ்சி எந்த மூலைக்கு?

நினைத்ததைச் சொல்லாமல் கெனாங்கா கரண்டியை நீட்டினாள்.

"இன்னும் ஒரு வாய், ராத்து."

"போதும் ஜெரோ. இறங்கல."

சின்ன ராஜா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அரண்மனைக்குள் வந்த குடியானவப் பெண்களுக்கு அங்கே ஜெரோ என்றுதான் பெயர். இருபத்தாறு வயது. மீசைகூடச் சரியாக அடரவில்லை. வரும் பௌர்ணமியில் அரண்மனைப் பட்டம் கட்டிக்கொள்ள வேண்டியவர். இதயத்தில் வால்வு பழுது. ஆபரேஷன் பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கெனாங்கா கட்டிலை ஒட்டித் தரையில் விரித்திருந்த பாயில் உட்கார்ந்து, மிச்சக் கஞ்சியை அதே கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் மாவுக்கட்டுக் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார் ஞோமான் திர்தா. பள்ளிக்கூடத்தில் பாலித் தீவு மொழி சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். ஸ்கூட்டரோடு வாய்க்காலில் விழுந்து வந்திருந்தார். கால்தான் முறிந்திருந்தது, வாய் நன்றாகவே இருந்தது.

"ஏங்கக்கா, நாற்காலி சும்மாதானே கிடக்கு? சாயங்காலம் பட்டு கட்டிட்டு வந்த அரண்மனைப் பொம்பளைங்க எல்லாம் அதுலதான் உட்கார்ந்துட்டுப் போனாங்க. நீங்க உட்கார்ந்தா உடைஞ்சிடுமா?"

"இருக்கட்டும் வாத்தியாரே. இதுதான் எனக்குப் பழக்கம்."

"எச்சில் கஞ்சியும் பழக்கமா?"

"வீணாப் போகக் கூடாதில்ல?"

"நல்ல பழக்கம் போங்க. எத்தனை வருஷமா இவர்கிட்ட இருக்கீங்க?"

"பிறந்த அன்னையிலேர்ந்து நான்தான் பார்த்துக்கறேன்." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "வலப்பக்கம் திரும்பிப் படுத்தா இருமல் வரும். இப்ப இடப்பக்கம்தான். நல்லாத் தூங்குவார்."

"அது சரி, அப்பவே ராத்துவா? தொட்டில்ல கிடந்தப்பவே?"

"பின்னே? முதல்ல கையில வாங்கினப்பவே அப்படித்தான் கூப்பிட்டேன்."

திர்தா சிரித்தார். "தொட்டிலை நனைக்கிற ராத்து! நாம கோயில்ல சாமியையும் அதே சொல்லாலதான் கூப்பிடறோம், வெட்கம் கெட்ட ஜனங்க. அந்தச் சொல்லு முதல்ல யாருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ராஜாவுக்குத்தான்."

"ராஜா நேத்து வந்தவர் அக்கா. நம்ம தீவிலேர்ந்து படகு எடுத்தா வடக்கே தாத்துன்னு சொல்றாங்க, கிழக்கே எங்கேயோ ஃபிஜி வரைக்கும் ராத்துதான். எல்லாம் ஒரே சொல்லு. அரண்மனையே இல்லாத காலத்துல, ஒரு குடும்பத்துக்கு யாரு மூத்தவங்களோ அவங்களுக்குத்தான் அந்தப் பேருன்னு படிச்சவங்க சொல்றாங்க. பிறகுதான் கிரீடம் வெச்சவங்க எடுத்துக்கிட்டாங்க."

கெனாங்காவின் கரண்டி கிண்ணத்திலேயே நின்றது.

"மூத்தவங்களைக் கூப்பிடுற சொல்லா? அதை வெச்சு சின்னவங்களைக் கூப்பிட்டா... அவங்க ஆயுசுக்கு ஒண்ணும் ஆகாதே?"

கேட்ட மாதிரியைப் பார்த்து வாத்தியாரின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"சொல்லால யாருக்கு என்ன ஆகப்போகுது? சாப்பிடுங்கக்கா. அரண்மனைக்காரங்களுக்கு இப்படி ஒரு ஆள் கிடைச்சது அவங்க செஞ்ச புண்ணியம்."

அவள் கிண்ணத்தை வழித்தாள். கஞ்சி ஆறிக் கெட்டியாகியிருந்தது. ஒரு சொல் இத்தனை நாளும் பல்லுக்குப் பின்னாலேயே கிடக்கிறது. விழுங்கிப் பழகியவளுக்கு இந்தக் கஞ்சியா பெரிது என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் தள்ளுவண்டி வந்தது. இரண்டு பேர் அவரைத் தூக்கிக் கிடத்திப் பச்சைத் துணியைப் போர்த்தினார்கள். பட்டுப் பெண்கள் இன்னும் வந்து சேரவில்லை. கெனாங்கா முழங்காலிட்டபடியே துணியின் ஓரத்தைச் செருகிவிட்டாள். அவருடைய பாதம் சில்லென்று இருந்தது. உள்ளங்கையால் தேய்த்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க," என்று வண்டிக்காரர்களிடம் சொன்னார் சின்ன ராஜா. அவள் பக்கம் திரும்பினார். "திரும்பி வருவேனோ, என்னவோ. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, ராத்து."

"அதுதான் வேண்டாம்ங்கறேன்." மூச்சு வாங்கியது. "நீ குடியானவர் வீட்டுப் பொண்ணு, நான் ராஜா வம்சம்னு பிரிச்சு வெச்சு, இத்தனை வருஷமா உன்னை அப்படியே கூப்பிட வெச்சுட்டாங்க. இப்ப இங்க அரண்மனைக்காரங்க யாரும் இல்ல. ஒரே ஒரு தடவை என்னை மகனேன்னு கூப்பிடும்மா."

பக்கத்துக் கட்டிலில் வாத்தியார் வாய்க்குக் கொண்டுபோன காப்பிக் கோப்பையை அப்படியே இறக்கினார்.

கெனாங்கா தான் பெற்றவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இல்லை என்று மெல்லத் தலையசைத்தாள்.

"இப்ப மாட்டேன், ராத்து. திரும்பி வந்து கேளுங்க."