எழுந்திருக்காமல் இருக்க ஏழு நாள்

மிராசுதார் கனைத்தால் செல்லக்கண்ணுவின் உடம்பு தானாக எழுந்து நின்றுவிடும். வரிச்சிக்குடிப் பண்ணையில் மூன்று தலைமுறையாக நின்ற குடும்பம். ஒரே நாளில் உட்கார வராது என்று, மனைவி லோகாம்பாள் ஒரு வாரமாகப் படிப்படியாகப் பழக்கினாள்.

முதல் நாள் மிராசுதாரின் பெயரை மட்டும் சொன்னாள். மறுநாள் அவரைப் போலச் செருப்பைத் தேய்த்து நடந்தாள். பிறகு குடையைத் தரையில் தட்டினாள். அதுவரை செல்லக்கண்ணு நாற்காலியில் தாக்குப்பிடித்தான். ஏழாம் நாள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கனைத்தாள். துள்ளி எழுந்தான்.

"நாளைக்கு நெசப் பண்ணையே வர்றாரு. அப்பவும் இப்படித்தானா? உங்கப்பா நின்னது போதும், உக்காருங்க!"

"உடம்பு கேக்க மாட்டேங்குதுடி."

"கேக்குற வரைக்கும் கனைப்பேன்."

பதினேழாவது கனைப்பில் கேட்டது.

மறுநாள் மிராசுதார் கையில் மனுவோடு வந்தார். கனைத்தார். செல்லக்கண்ணு அசையவில்லை.

"என்னடா இது அக்குறும்பு? தாசில்தார் நாக்காலியில நீ உக்காந்திருக்கே! எந்திரிடா!"

"நான்தாங்க புதுத் தாசில்தார். மனுவைக் குடுத்துட்டு உக்காருங்க."

மிராசுதாருக்கு முழங்கால் மடங்கவில்லை.