அறையில் இன்னொருவர்

"மேடம், உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்கார். அவரை முதல்ல வெளியில போகச் சொல்லுங்க."

லேப்டாப்பிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் கலைமதியின் விரல்கள் அப்படியே நின்றன. திரையில் வினாத்தாள் மறைந்து, 'அறையில் இரண்டாவது நபர். தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று சிவப்பு எழுத்தில் வந்திருந்தது.

எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டிங்கில் இதுதான் கடைசித் தேர்வு. சைபர் செக்யூரிட்டியும் மெஷின் லேர்னிங்கும் சேர்ந்த படிப்பு. மற்ற பேப்பர்களைத் திருச்சிக்குப் போய் எழுதினாள். இதை மட்டும் வீட்டிலிருந்தே எழுதலாம் என்று சொல்லியிருந்தார்கள். அரிமளத்தில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. பேட்டரி இருந்ததால், அரை இருட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வங்கியிலிருந்து வருவதுபோல வரும் போலி மெசேஜைக் கண்டுபிடிக்க மெஷினுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்விக்குப் பாதி பதில் முடிந்திருந்தது. கரண்ட் வந்து அறை வெளிச்சமானது. உடனே இந்தக் குரல்.

கலைமதி திரும்பிப் பார்த்தாள். வெற்றிசெல்வன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பார்வையில் உட்கார்ந்து படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும்.

"சார், அவர் எங்க வீட்டுக்காரருங்க."

"யாரா இருந்தாலும் இருக்கக் கூடாது. ரூல்ஸ் படிச்சீங்கள்ல?"

"படிச்சேன் சார். அவர் ஒண்ணும் சொல்லித் தர மாட்டாருங்க."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. உங்க வீடியோ இங்க கலங்கலாத்தான் தெரியுது. ஆனா சாஃப்ட்வேர் ரெண்டு முகம்னு காட்டுது. என் கையில ஒண்ணும் இல்ல. அஞ்சு நிமிஷம் தரேன். நீங்க எழுந்திரிக்கக் கூடாது, லேப்டாப்பை நகர்த்தக் கூடாது. வீட்டுல வேற யாராவது இருந்தா வந்து அவரைக் கூட்டிட்டுப் போகட்டும். இல்லைனா பேப்பர் கேன்சல்."

பேப்பர் போனால் பட்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். பட்டத்தை நம்பித் திருச்சியில் கொடுத்திருந்த வேலையும் போய்விடும்.

"ஏன் மேடம், நான் இவ்வளவு பேசுறது அவர் காதுல விழலையா?"

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து மாமியார் செங்கமலம் நிலைப்படிக்கு வந்தாள்.

"ஏத்தா மதி, யாரு அது அதட்டுறது?"

"பரிச்சையை மேற்பார்வை பாக்குற சாரு அத்தே. அவுக இங்க இருக்கக் கூடாதாம்."

"எவுக?"

"உங்க மகன்தான்."

செங்கமலம் கண்ணைச் சுருக்கினாள். "அவன் இங்கதான இருப்பான். அந்தச் சாருக்கு எப்புடித் தெரிஞ்சிச்சு?"

"சாருக்குத் தெரியல அத்தே. மெஷின் பாத்துருச்சு. இங்க ஒரு ஆளு இருக்காருன்னு சொல்லுது."

"அதுவாவா சொல்லுச்சு?"

"ஆமா."

"இருக்கான்னா?"

"ஆமா அத்தே."

செங்கமலத்தின் முகம் மலர்ந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்துப் பேசினாள்.

"தம்பி, எம் மகன்தான் இவளப் படிக்க வச்சது. வீட்டுக்குள்ளயே கெடக்காதன்னு அவனே அப்ளிகேசன் போட்டுக் குடுத்தான். இந்த ஊருல இந்தப் படிப்பு எம் மருமவ ஒருத்திதான். கம்ப்யூட்டருக்குள்ள பூந்து களவாங்குறவனப் புடிக்கிற படிப்பு. அது பத்தாதுன்னு மெஷினுக்கே பாடம் சொல்லிக் குடுப்பா. அவளையே ஒங்க மெஷினு கள்ளிங்குது."

"அம்மா, பெருமையெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல உங்க மகனை வெளியில கூட்டிட்டுப் போங்க."

"அவன் வாயே தொறக்க மாட்டான் தம்பி. காலையில வச்ச டீ அப்படியே இருக்கு. பரிச்சை இவளுக்கு, டீ எறங்காதது அவனுக்கு."

"டைம் போய்க்கிட்டே இருக்கும்மா."

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதர் விட்டுவிடுவார் என்று கலைமதிக்குத் தெரியும். அந்த வார்த்தையை மாமியார் முன்னால் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மாமியாரும் சொன்னதில்லை. இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் அது அப்படியே பழக்கமாகிவிட்டது.

"அத்தே, அடுத்த வருசம் எழுதிக்கிறேன். அவுகள வெளிய அனுப்பிட்டு எனக்கு ஒரு பட்டம் வேணாம்."

"அடி போடி. அடுத்த வருசமாம்ல. படிக்கச் சொன்னவனே குறுக்க நின்னா எப்புடி?"

செங்கமலம் விறுவிறுவென்று அறைக்குள் வந்து, மருமகளின் முதுகுப் பக்கமாகப் போனாள்.

"எய்யா செல்வம், கொஞ்ச நேரம் வாசல்ல வந்து ஒக்காருப்பா. ஒம் பொண்டாட்டி எழுதட்டும்" என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு காலடிச் சத்தம் வாசல் பக்கம் போனது.

சிவப்பு எழுத்து மறைந்து வினாத்தாள் வந்தது.

"தேங்க்ஸ் மேடம். இப்ப ஒரு முகம்தான் காட்டுது. எழுதுங்க."

கலைமதி திரும்பிப் பார்க்காமல், விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள்.

வாசலில் செங்கமலம், தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "சத்தம் போடாமப் போங்க, எம் மருமவ கடைசிப் பரிச்சை எழுதுறா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மடியில், இரண்டு வருடத்தில் முதல்முறையாகச் சுவரைவிட்டு இறங்கிய மகனின் படம் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தது.